மாடி ஏசிக்கு ஒரு சட்டை

மேல அந்தக் காத்து வர்ற ஓட்டையைத் திருப்பி மூடிடட்டுமா? நேரா உச்சந்தலையில அடிக்குது பாருங்க. உங்களதையும் மூடிடறேன், இருங்க. அட, வேணாம்னு சொல்லாதீங்கம்மா. இந்த ஏசி பஸ்ஸுல மூணு மணி நேரம் உக்காந்தா நாளைக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. ஏசியைப் பத்தி என்கிட்ட கேளுங்க. இந்த வருஷம் அது என்னைப் படுத்தின பாடு கொஞ்சநஞ்சம் இல்ல.

சென்னைக்கா? நானும் சென்னைதான். அம்பத்தூர்ல பொண்ணு இருக்கா. அவளுக்குக் குழந்தை பொறந்து இன்னைக்குப் பதினோராவது நாள். பொண் குழந்தை. ஆமாம்மா, சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லாம இருக்குமா?

ஆனா தலைப்பிரசவம்ங்க. தலைப்பிரசவம் எங்க நடக்கணும், நீங்களே சொல்லுங்க. அம்மா வீட்ல. என் பொண்ணுக்கு மாமியார் வீட்ல நடந்துச்சு. தெருவுல எல்லாரும் கேக்கறாங்க, ஏன் குணா, என்னாச்சு குணான்னு. நான் என்னான்னு சொல்றது? ஏசி ரிப்பேர்னு சொல்றேன். சிரிக்கறாங்க. நீங்களும் சிரிக்கறீங்க பாருங்க. பரவால்ல, முழுசா கேட்டுட்டுச் சிரிங்க.

என் பேரு குணசுந்தரி. வேலூர் சத்துவாச்சாரில டெய்லர். வீட்டு முன்ரூம்லயே கடை. இருபத்தாறு வருஷமா தைக்கறேன். ஜாக்கெட்டு, சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம், எல்லாம். எங்க வீட்டுக்காரர் தணிகாசலம், லாரி புக்கிங் ஆபீஸ்ல இருக்காரு. வாயில்லாத மனுஷன். எங்களுக்கு ஒரே பொண்ணு, யமுனா. அவளை நான் எப்படி வளர்த்தேன்னா, மழைல ஒரு நாள் நனைஞ்சது இல்ல அவ. ஸ்கூல் டூருன்னு ஒண்ணுக்கும் அனுப்பினது இல்ல. காலேஜுக்கு நானே கூட்டிட்டுப் போய் நானே கூட்டிட்டு வருவேன். மூணு வருஷமும். அவ்வளவு பத்திரமா வளர்த்த பொண்ணு.

வளைகாப்புக்கு நாள் குறிக்க வந்தப்பவே சம்பந்தி அம்மா கேட்டுட்டாங்க. "வேலூர் வெயிலு எங்களுக்குத் தெரியும். யமுனா இங்க ஏசியிலேயே இருந்து பழகிட்டா. அங்க ரூம்ல ஏசி இருக்குல்ல?"ன்னாங்க. நான், "ஓ, இருக்கே"ன்னுட்டேன். இல்லவே இல்ல. எங்க வீட்டுக்காரர் என்னைப் பாக்கறாரு. நான் அவரைப் பாக்கலையே! மறுநாள் காலையில முதல் வேலையா கடைக்குப் போய் வாங்கிட்டேன்.

வளைகாப்பு முடிஞ்சு கூட்டிட்டு வரும்போதும் அந்தம்மா விடலை. கார்ல ஏறின பொண்ணுகிட்ட, என் காதுல விழற மாதிரியே சொன்னாங்க. "உனக்கு அங்க கஷ்டமா இருந்தா ஒரு போன் பண்ணு யமுனா, கார் அனுப்பறேன்." பாருங்களேன் பேச்சை! அம்மா வீட்ல பொண்ணுக்கு என்ன கஷ்டம்? அன்னைக்கே மனசுல முடிச்சு போட்டுக்கிட்டேன். என்ன ஆனாலும் சரி, குழந்தை என் வீட்லதான் பொறக்கணும், அந்தக் காரு எங்க தெருவுக்குள்ள வரவே கூடாதுன்னு.

மொதல்ல எல்லாம் நல்லாத்தாங்க ஓடுச்சு. ரூமுக்குள்ள ஒரு பொட்டி, மொட்டை மாடியில ஒரு பொட்டி. உள்ள இருக்கறது நல்லா சொகுசா இருக்கு. மாடியில இருக்கறதைப் போய்ப் பார்த்தா எனக்கு மனசே கேக்கலை. இரும்பு ஸ்டாண்டு மேல அம்போன்னு நிக்குது. நெருப்பு வெயிலு. பைபாஸ்ல போற லாரிப் புழுதி பூரா அது மேலதான். காக்கா வேற உக்காந்து அசிங்கம் பண்ணி வெச்சிருக்கு. நான் மிக்சிக்குக் கவர் போடறவ, கிரைண்டருக்குப் போடறவ, கேஸ் சிலிண்டருக்குப் போடறவ. இத்தனை பெரிய பொருளை அப்படியே விட்டுடுவேனா?

ஒரு சட்டை தைச்சேன். மேல கெட்டி ரெக்சின், உள்ள ரெண்டு மடிப்பு காடாத் துணி லைனிங்கு. நீங்க நினைக்கற மாதிரி முட்டாள்தனமா மூடிடலைங்க. முன்னாடி காத்தாடி சுத்துது, அது வழியா சூடு வெளிய வருது, கையை வெச்சுப் பார்த்தேன். அந்த இடத்துல வட்டமா வெட்டி, பைப்பிங் வெச்சு, ஜாக்கெட்டுக்குக் கழுத்து வைக்கற மாதிரி நேர்த்தியா முடிச்சேன். மத்தபடி தலை, முதுகு, ரெண்டு பக்கம் எல்லாம் கச்சிதமா பிடிச்சு உக்காரும். பின்னாடி நாடா, எட்டு முடிச்சு. பக்கத்து வீட்டு விமலா துணி காயப்போட வந்தவ பார்த்துட்டு, "ஏங்க்கா, ஏசிக்கே சட்டையா!"ன்னா. வாயைப் பொளந்துட்டு நின்னா.

அவ கண்ணுதாங்க. சித்திரை பொறந்து நாலு நாள் ஆகலை, ஏசி தகராறு பண்ண ஆரம்பிச்சிடுச்சு. சட்டை மேலயே ஒரு படிகாரக் கல்லைக் கட்டித் தொங்க விட்டேன். ஒண்ணும் அசையலை.

என்ன தகராறுன்னா, காலையில நல்லா ஓடும். பதினோரு மணிக்கு மேல உள்ள பொட்டி மட்டும் காத்து விடும், கூலிங்கே இருக்காது. மாடில சத்தம் நின்னுடும். ஒரு மணி நேரம் கழிச்சு உர்ருனு வரும், பத்து நிமிஷம் ஓடும், திரும்பப் படுத்துக்கும். நிறைமாசமா இருக்கற பொண்ணு உள்ள படுத்திருக்கா. எனக்கு எப்படி இருக்கும்?

ரியாஸ்னு ஒரு தம்பி, நல்ல மெக்கானிக். போன் பண்ணேன், "நாலு மணிக்கு வரேம்மா"ன்னாரு. நான் மூணு மணிக்கே மாடிக்குப் போயிட்டேன். அந்தச் சட்டை பூரா புழுதி. ஒருத்தர் வீட்டுக்கு வரும்போது அதையா காட்டறது? எட்டு முடிச்சும் அவுத்து, கழட்டி, சோப்புப் போட்டுத் துவைச்சுக் காயப்போட்டேன். மெக்கானிக்கு கை வேற கிரீசு, என் லைனிங்குல தொடைச்சுட்டா? ரியாஸ் வந்தாரு. உள்ள இருந்த ஃபில்டரைக் கழுவினாரு. மேல போய்ப் பார்த்தாரு. அரை மணி நேரம் ஓட விட்டாரு. சில்லுனு வந்துச்சுங்க, ஊட்டி தோத்துச்சு. "ஃபில்டர்தான்மா அடைச்சிருந்துச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. சாயங்காலம் சட்டை காஞ்சுது, போய் மாட்டிட்டு வந்தேன். மறுநாள் பதினொண்ணரைக்குப் படுத்துக்குச்சு.

திரும்பக் கூப்பிட்டேன். திரும்பக் கழட்டித் துவைச்சுப் போட்டேன். கேஸ் பார்த்தாரு, சரியா இருக்கு. கெப்பாசிட்டர்னு ஒரு சின்ன டப்பா, அதை மாத்தினாரு. ஜம்முனு ஓடுச்சு. அவரு அந்தப் பக்கம் போனாரு, மறுநாள் இந்தப் பக்கம் இது நின்னுச்சு.

அப்புறம் கம்பெனியில இருந்தே ஒருத்தரை வரவழைச்சேன். கழுத்துல டேக், கையில மீட்டரு. அவருக்காக ஸ்டாண்டைக் கூடத் தொடைச்சு வெச்சேன். அவரு இருக்கற வரைக்கும் அது சாதுவா ஓடுச்சு. "வோல்டேஜ் கம்மிம்மா, ஸ்டெபிலைசர் மாத்துங்க"ன்னாரு. மாத்தினேன். அதே கதை. எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். மனுஷங்க வந்தா ஒழுங்கா நடந்துக்குது, அவங்க போனதும் என் மானத்தை வாங்குது. மாடியில போய் அதுகிட்டயே கேட்டிருக்கேன். "உனக்கு என்னடா குறை வெச்சேன்?"னு. நிஜமா கேட்டேன்மா.

இந்தப் பக்கம் யமுனா. அவளைச் சொல்லணுமா! எதைச் சொன்னாலும் ஒரு எதிர்ப்பேச்சு. "ஜன்னலைத் தொறம்மா"ம்பா. நான், "தொறந்தா கூலிங் போயிடும்டி"ம்பேன். "எந்தக் கூலிங்மா?"ம்பா. தெருவுல போறவங்க கண்ணு எல்லாம் வயித்து மேலதான் விழும், அதுக்குத்தான் நான் மூடி வெச்சேன். ஏசி ஓடும்போது காதுக்குப் பஞ்சு வெச்சு, தலைக்கு ஸ்கார்ஃபு கட்டி, கழுத்து வரைக்கும் போர்வை போர்த்தி விடுவேன். ஓடாதப்ப விசிறிக்கிட்டே உக்காந்திருப்பேன். கடையைக் கூடப் பாதி நாள் திறக்கலை. யாருக்காக?

லேப்டாப்ல ஆபீஸ் வேலை பாப்பா. அந்தச் சூடு வயித்துக்கு ஆகாதுன்னு எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். ரெண்டு தெரு நடந்துட்டு வரேன்னா. வழுக்கி விழுந்தா? ஹாலுக்குள்ளயே நட, நான் கையைப் பிடிச்சுக்கறேன்னேன். ஷைனின்னு அவ கூடப் படிச்ச பொண்ணு பாக்க வந்துச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டே வந்துச்சுங்க. வாசல்லயே, "யமுனா தூங்கறாம்மா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். உள்ள இருந்து இவ கேட்டுட்டா. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு வேணாம்னுட்டா. எங்க வீட்டுக்காரர், "கொஞ்சம் விட்டுப் பிடியேன் குணா"ன்னாரு. "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க"ன்னேன். அந்த ஆளு என்ன பண்ணாரு தெரியுமா? நான் குளிக்கப் போனப்ப ஜன்னலைத் தொறந்து விட்டுட்டாரு. வந்து மூடினேன்.

உங்களுக்கு எத்தனை பசங்க? ரெண்டும் பொண்ணா? அப்ப உங்களுக்குப் புரியும்.

அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்ச மூணாவது நாள். மத்தியானம் பன்னண்டரை இருக்கும். ஏசி நின்னு ஒரு மணி நேரம் ஆச்சு. கட்டில்ல யமுனாவைக் காணோம். தேடினா, பாத்ரூம் தரையில சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. நைட்டி பூரா நனைஞ்சிருக்கு. "டைல்ஸ் ஜில்லுனு இருக்கும்மா, கொஞ்ச நேரம் இருக்கேன், போ"ன்னா. அந்த நேரம் பார்த்து அவ போன் அடிக்குது. சம்பந்தி அம்மா. நான் எடுத்து, "யமுனா தூங்கறா, எழுந்ததும் பேசச் சொல்றேன்"னேன். வேற என்ன சொல்றது? பாத்ரூம்ல உக்காந்திருக்கான்னா?

திரும்பறேன், பின்னாடி நிக்கறா. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து வந்திருக்கா. கையை நீட்டினா. போனைக் குடுத்தேன். என்னைப் பார்த்துக்கிட்டே, "அத்தை, நான் தூங்கலை. கார் அனுப்புங்க"ன்னா.

எந்தப் பேச்சுக்குப் பயந்து இத்தனையும் பண்ணேனோ அதே பேச்சு. வெளிய ஓடி ரியாஸுக்குப் போன் பண்ணேன். அழுதுட்டேன். "தம்பி, காரு வரதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடு, என் பொண்ணு போயிடுவா"ன்னேன். அவரு பாவம், அடுத்த தெருவுலதான் வேலையா இருந்திருக்காரு. அஞ்சு நிமிஷத்துல வந்து, செருப்பைக் கூடக் கழட்டாம நேரா மாடிக்குப் போயிட்டாரு. நான் பின்னாடியே ஏறறேன். சட்டையைக் கழட்டலையேன்னு எனக்கு அப்பத்தான் ஞாபகம் வருது. வெக்கமா போச்சு.

ரியாஸ் அது முன்னாடி நிக்கறாரு. அசையாம நிக்கறாரு.

"என்னம்மா இது?"

"கவர் தம்பி. நானே தைச்சேன். கொஞ்சம் அழுக்கா இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் வந்த ரெண்டு தடவையும் இது இல்லையே?"

"நீங்க வரீங்கன்னு கழட்டித் துவைச்சுப் போட்டேன்."

"கம்பெனிக்காரரு வந்தப்ப?"

"அப்பவும்தான். அசிங்கமா வெச்சிருந்தா நம்மளை என்னான்னு நினைப்பாங்க?"

அவரு அப்படியே மாடிப்படியில உக்காந்துட்டாரு. நெத்தியில கையை வெச்சுக்கிட்டு, "யா அல்லா"ன்னாரு. அப்புறம் எழுந்து எட்டு முடிச்சையும் அவுத்தாரு. உள்ள இருந்து வந்துச்சு பாருங்க ஒரு அனல், ரெண்டு பேரும் பின்னாடி நகர்ந்துட்டோம். "அம்மா, இது பின்பக்கமாத்தான் காத்தை இழுக்கும், முன்பக்கமா விடும். நீங்க விடறதுக்கு மட்டும் வழி விட்டிருக்கீங்க. இழுக்கற பக்கத்தை மூடிட்டா வெயில் நேரத்துல இது எப்படிம்மா தாங்கும்? சூடு ஏறி அதுவே நின்னுடும். இத்தனை நாள் எரிஞ்சு போகாம இருந்ததே பெருசு"ன்னாரு. கால் மணி நேரம் ஆற விட்டாரு. சுவிட்சைப் போட்டாரு. உர்ருனு பிடிச்சுது. நிக்கவே இல்ல. மத்தியானம் ஒண்ணரை மணி வெயில்ல, நிக்கவே இல்ல.

சரி, என் தப்புதான், ஒத்துக்கறேன். இருந்தாலும் அந்தத் தையல்ல ஒரு குறை சொல்ல முடியாது.

படியில நான் இறங்கினேனா விழுந்தேனான்னு தெரியலை. "யமுனா! சரியாயிடுச்சுடி! ஏசி சரியாயிடுச்சு!"ன்னு கத்திக்கிட்டே ஓடினேன். ரூம்ல ஜில்லுனு இருக்கு. அவ கட்டில் மேல பெட்டியைத் தொறந்து வெச்சுத் துணியை மடிச்சுட்டு இருக்கா.

"இனிமே நிக்காதுடி. ரியாஸ் கண்டுபிடிச்சுட்டாரு. அத்தைக்குப் போன் பண்ணு, கார் வேணாம்னு சொல்லு."

"சந்தோஷம்மா"ன்னா. மடிக்கறதை நிறுத்தலை.

"போன் பண்ணுடி."

"இல்லம்மா. நான் போறேன்."

"அதான் ஏசி சரியாயிடுச்சே!"

அப்பத்தான் நிமிர்ந்து பார்த்தா. "அம்மா, வந்ததுல இருந்து நீதான் ஏசி ஏசிங்கற. நான் அதைப் பத்திப் பேசவே இல்லம்மா"ன்னா.

"பின்ன எதைப் பத்திடி பேசின?"

மடிச்ச துணியைப் பெட்டிக்குள்ள வெச்சா. "ஒண்ணுமில்லம்மா. அந்த லேப்டாப்பை எடுத்துக் குடு"ன்னா.

சென்னையில இருந்து காரு வர மூணு மணி நேரம் ஆச்சு. அந்த மூணு மணி நேரமும் ஏசி ஒரு நொடி நிக்கலைங்க. அவ என்ன பண்ணா தெரியுமா? எழுந்து போய் ஜன்னல் ரெண்டு கதவையும் தொறந்து விட்டுட்டு, அங்கயே ஒரு சேரைப் போட்டு உக்காந்துக்கிட்டா. "கூலிங் எல்லாம் வெளிய போகுதுடி"ன்னேன். "போகட்டும்மா"ன்னா. தெருவைப் பார்த்துக்கிட்டு இருந்தா. போறவங்க வரவங்ககிட்ட எல்லாம் சிரிச்சா. கறிகாய் வண்டிக்காரர்கிட்ட கூடப் பேசினா. வந்து ஒண்ணரை மாசத்துல அவ சிரிச்சதை அன்னைக்குத்தான் பார்க்கறேன். நான் கட்டில்ல உக்காந்திருந்தேன். போகாதடின்னு காலைப் பிடிக்காத குறையா கெஞ்சிப் பார்த்துட்டேன். கார் வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிட்டுப் போய் வெச்சாரு. அவ அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா. என்கிட்ட, "உடம்பைப் பார்த்துக்கோம்மா"ன்னா. அவ்வளவுதான்.

இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கலைங்க. ஏசி ஓடாதப்ப போயிருந்தா நியாயம். ஓடும்போது ஏன் போனா? எத்தனையோ தடவை யோசிச்சுட்டேன். அந்த சம்பந்தி அம்மாதான் ஏதோ மருந்து வெச்ச மாதிரி மயக்கி வெச்சிருக்காங்கன்னு தோணும். அப்புறம் அதுவும் இல்லையோன்னு தோணும்.

குழந்தை பொறந்தது புதன்கிழமை. எனக்குப் போன் வந்தது வியாழக்கிழமை. ஆஸ்பத்திரியில கூட்டம் சேரக் கூடாதுன்னாங்க, வீட்டுக்கு வந்ததும் சொல்றோம், வாங்கன்னாங்க. சரின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். சனிக்கிழமை எங்க வீட்டுக்காரர், ஆபீஸ் வேலையா காஞ்சிபுரம் போறேன்னு போனாரு. சாயங்காலம் வந்தாரு. அவரு சட்டையைத் துவைக்கறதுக்கு எடுக்கறேன், பால் வாடை அடிக்குது. குழந்தை கக்கின வாடை. எனக்குத் தெரியாதா அது? "தூக்கினீங்களா?"ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "யமுனாதான் உன்கிட்ட சொல்ல வேணாம்னா. என்னை மட்டும் வரச் சொன்னா"ன்னாரு. நான் சண்டை போடலை. என்ன சண்டை போடறது? அந்தச் சட்டையைக் கையில வெச்சுக்கிட்டு வாஷிங் மெஷின்கிட்டயே உக்காந்திருந்தேன்.

முந்தாநாள் நானே போன் பண்ணேன். "யமுனா, நான் வரட்டுமாடி?"ன்னேன். பெத்த பொண்ணுகிட்ட கேக்கறேன் பாருங்க, வரட்டுமான்னு. "வாம்மா. காலையில வந்துட்டு சாயங்காலம் கிளம்பிடு"ன்னா. சரின்னேன். "வந்த இடத்துல இதை மாத்து, அதை மாத்துன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது"ன்னா. சரின்னேன். எல்லாத்துக்கும் சரிதாங்க. என்னால வேற என்ன பண்ண முடியும்?

கடைசியா, "குழந்தையைத் தூக்கலாமாடி?"ன்னு கேட்டேன்.

"முதல்ல வாம்மா, அப்புறம் சொல்றேன்"ன்னா.

அப்புறம் சொல்றேன்னா, குடுத்துடுவா இல்ல? நீங்க ரெண்டு பொண்ணு வளர்த்தவங்க. சொல்லுங்கம்மா, தூக்கக் குடுப்பாதானே?